தட்டிக் கேட்டல்

என் வேலை தட்டிக் கேட்பது.
அநியாயத்தை அல்ல, சாந்துப் பூச்சை.
முந்நூறு கிராம் சுத்தியல்,
இடுப்பில் இரண்டு கயிறு,
பையில் நீலச் சுண்ணக்கட்டி.

கணீரென்றால் நல்லது.
பொத்தென்றால் உள்ளே காற்று குடிவந்துவிட்டது:
வட்டம் போடு, எண் எழுது, படம் எடு.
தேக்கா சந்தையில் தர்பூசணி வாங்கத் தெரிந்தவர்
இந்த வேலைக்குப் பாதி தயார்.

ஊரின் அறுபதுகளை ஏறக்குறைய முழுதும்
தட்டி முடித்திருக்கிறேன்.
வெயிலைச் சீவி உள்ளே விடும் சிமெண்ட் சீப்புகள்,
பறக்க எழுந்து மனம் மாறிய கூரைகள்,
கார்கள் ஏறும் சுருள் பாதை ஒன்று.
அந்தக் காலத்துக்காரர்கள்
பணத்தில் சிக்கனம், வளைவில் தாராளம்.
ஒரு நாட்டை அவசரமாக நிமிர்த்தியவர்கள்;
சில இடங்களில் கம்பிக்கு மேல் சாந்து போதவில்லை.
மறைத்ததைத் துரு வெளியே வந்து எழுதிவிடுகிறது.

இந்த ஜனவரியில் பீச் ரோட்டுப் பூங்கா.
நான்கு தூண்கள், அறுபத்தேழு மீட்டர்.
நினைவுச் சின்னம் என்று பலகை சொல்லும்,
சாப்ஸ்டிக்ஸ் என்று டாக்சிக்காரர் சொல்வார்.
அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி
மலர்வளையங்கள் வரும். அதற்குள் முடிக்க வேண்டும்.

"வதனி, இதில் உன் தூண் எது?"
பக்கத்துக் கயிற்றிலிருந்து ஸுல் கத்தினான்.
பள்ளிப் புத்தகத்தில் எளிது:
நான்கு இனம், நான்கு தூண், ஒரே உயரம்.
எங்கள் வரைபடத்தில் ஏ, பி, சி, டி.
அவன் பி-யில் தொங்கினான், நான் சி-யில்.
சி யாராகவும் இருக்கலாம்.

உண்மையில் சாவு சமமாக விழவில்லை.
லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள்
பெரும்பாலும் சீன ஆண்கள்.
என் ஆட்கள் சாகப் போனது வேறு திசை,
சயாம் ரயிலுக்கு.
தண்டவாளக் கட்டைக்கு ஒருவர் என்பார்கள்,
எண்ணியவர் யாருமில்லை.
அவர்களுக்குத் தாழி கிடையாது. மூங்கில் புதர்.
இந்தத் தூணில் அவர்களுக்கும் பங்கு உண்டா என்று
எந்தத் தாளிலும் குறிப்பில்லை.
வரைந்தவர் உயரத்தை மட்டும் ஒன்றாக வைத்தார்.
அது பொய்யா மரியாதையா என்று
அறுபதாவது மீட்டரில் முடிவு செய்ய முடியாது.
காற்று அதிகம்.
படாங்கில் யாரோ கிரிக்கெட் ஆடுகிறார்கள்,
பந்து தெரியவில்லை, ஓட்டம் மட்டும் தெரிகிறது.

மூன்று நாளில் ஏழு வட்டம்.
இந்த வயதுக்கு அது ஆரோக்கியம்.

நான்காம் நாள், கீழே, மேடை.
திரு. கோ படிவத்தோடு குடை பிடித்து நின்றார்.
பதினோரு வருடமாக எனக்கு மேலதிகாரி,
சுத்தியலைத் தொட்டுப் பார்த்ததில்லை.
மண்டியிட்டுத் தட்டினேன்.
பொத்.
அரை அடி தள்ளி.
பொத்.
சுண்ணக்கட்டியை எடுத்தேன், கை நின்றுவிட்டது.
இந்த வெற்றிடம் வரைபடத்திலேயே இருக்கிறது.
கீழே தாழிகள், அறுநூற்றுக்கும் மேல்.
சிக்லாப்பிலும் பிற இடங்களிலும் மண்ணிலிருந்து எடுத்து,
யார் எவர் என்று பிரிக்க முடியாமல்
சேர்த்து வைத்த எலும்புகள்.

படிவத்தில் மூன்று கட்டம்:
நலம். விரிசல். வெற்றிடம்.

"கொடு" என்றார் திரு. கோ.
குடையை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தார்,
முழங்கால் சொடுக்கியது.
வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.
நான் எதுவும் கேட்கவில்லை.
எழுந்து, கால்சட்டையைத் தட்டி,
மூன்று கட்டத்தையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார்.
"சாப்பிடப் போகலாமா? மழை வரும்."

ஸுல் விட்டுப்போன ஒரு மூலைக்காக
மறுபடி பி-யில் ஏறியிருந்தான்.
கீழிருந்து கேட்டால் அந்தச் சத்தம்
யாரோ மெதுவாக,
விட்ட இடத்திலிருந்து,
எண்ணிக்கொண்டிருப்பதுபோல.